விளிம்பில் பற்றும் தீ

ஐம்பது மீட்டர் தூரத்தில் நிறுத்திய காகித இலக்கின் நடுவே 10.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு வட்டம் உண்டு. சர்வதேசப் போட்டியில் பத்துப் புள்ளி பெற விரும்புகிறவர் 5.6 மில்லிமீட்டர் பருமனுள்ள தம் ஈயக் குண்டினால் அந்த வட்டத்தைத் தொட்டாக வேண்டும், அதையும் ஒருமுறையல்ல, போட்டி முடியும்வரை திரும்பத் திரும்பத் தொட்டாக வேண்டும். குழலின் நேர்த்தி, உடலின் நிலை, மூச்சின் கட்டுப்பாடு, விரலின் பக்குவம் ஆகிய யாவும் கூடி வந்த பிறகும், அந்தக் காரியத்தின் வெற்றி சுண்டுவிரல் நீளமும் இல்லாத ஒரு பித்தளைத் தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது என்பதையே இறுதியில் சார்ந்து நிற்கிறது. கல்லூரி நாட்களில் என்.சி.சி. படையில் சேர்ந்து பயிற்சி பெற்ற தமிழ் இளைஞர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதன்முதலாகச் சுட்டது இந்த 0.22 அங்குலத் தோட்டாவைத்தான். உலகெங்கும் பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கி சுடுவோர் மிகுதியாகச் செலவழிப்பதும் இதையே. ஆயினும் எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் தேர்ந்தெடுப்பது என்பதைச் சிரத்தையுடன் ஆராய்ந்தவர்கள் சிலரே.

தேர்வு என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். பெரிய துப்பாக்கிகளை ஆளுகிறவர், தாம் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை எடுத்து, அடியின் மையத்திலுள்ள தீமூட்டும் மூடியை மாற்றி, தமக்குப் பிடித்த அளவில் மருந்தை நிறுத்துப் போட்டு, தமக்குப் பிடித்த குண்டைப் பொருத்திக்கொள்ளலாம். தம் துப்பாக்கியின் குணத்துக்கேற்ற தோட்டாவைத் தாமே சமைத்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு உண்டு. ரிம்ஃபயர் என்று வழங்கும் விளிம்புத் தோட்டாவை ஆளுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் நடைமுறையில் இல்லை. தொழிற்சாலை எதைச் செய்து பெட்டியில் அடைத்து அனுப்புகிறதோ அதைத்தான் அவர் சுட வேண்டும். ஆகவே அவருடைய கலை முழுவதும் ஆக்குவதில் அன்றி, ஆராய்ந்து எடுப்பதிலேயே அடங்கியிருக்கிறது. இந்த நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

1845ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளரான லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்பவர், அக்காலத்துத் துப்பாக்கிகளில் தீமூட்டப் பயன்பட்ட சிறிய செம்பு மூடியின் வாயிலேயே ஓர் ஈய உருண்டையைப் பொருத்தி, வேறு மருந்து எதுவும் இல்லாமல், மூடியின் வெடிப்பு ஒன்றினாலேயே அது பாயும்படி செய்தார். வீட்டுக்குள்ளேயே இலக்கு வைத்துச் சுடும் பொழுதுபோக்குக்கு அது போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் அந்தக் கூட்டைச் சற்று நீட்டி, உள்ளே கொஞ்சம் வெடிமருந்தையும் இட்டு, தங்கள் முதல் ரிவால்வருக்கான தோட்டாவை 1857இல் வெளியிட்டனர். அவ்வழியில் பல உருவங்கள் தோன்றி மறைந்தபின், 1887இல் சிக்கோப்பி ஃபால்ஸ் என்னும் ஊரிலிருந்த ஸ்டீவன்ஸ் கம்பெனியின் பெயரோடு வழங்கும் லாங் ரைஃபிள் தோட்டா பிறந்தது. 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள குண்டைச் சுமந்த அந்த உருவம், மருந்தும் உலோகமும் எவ்வளவோ மாறியும், இன்றுவரை அடிப்படையில் மாறாமல் இருக்கிறது.

இத்தோட்டாவில் தீமூட்டும் கலவை தனியொரு மூடியில் இல்லை. பித்தளைக் கூட்டின் அடிப்புறத்தைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு உட்குழிவாக மடிந்திருக்கிறது. அந்த மடிப்புக்குள்ளே கலவை ஒளிந்திருக்கிறது. தீபாவளிப் பொட்டுவெடியைக் கல்லால் தட்டியதும் அது வெடிப்பதுபோலவே, துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் நடுவில் அகப்பட்ட கலவை வெடித்து, கூட்டினுள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது. ஊசியால் நசுங்க வேண்டிய உலோகம் மெல்லியதாகத்தான் இருக்க முடியும். மெல்லிய உலோகம் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. பெரிய ரைஃபிள்களில் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அளவுக்கு எழும் அழுத்தம், இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர நிர்ணயத்தின்படி 24,000 பவுண்டோடு நின்றுவிடுகிறது. ஒருமுறை நசுங்கிய விளிம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதற்குள் மீண்டும் கலவையைச் செலுத்துவது வீட்டில் செய்யத்தகுந்த காரியமன்று. வலுவின்மை, மறுபயன் இன்மை, மலிவு ஆகிய மூன்றும் அந்த ஒரே மடிப்பிலிருந்து பிறந்தவை.

அந்த மடிப்புக்குள் கலவையை எப்படி நிரப்புகிறார்கள் என்பது, என் அபிப்பிராயத்தில், இந்த விஷயம் முழுவதிலும் மிகச் சுவையான பகுதி. ஈரமான நிலையில் ஒரு சிறு துணுக்கைக் கூட்டின் அடியில் இட்டு, கூட்டை அதிவேகமாகச் சுழற்றுகிறார்கள். சுழற்சியினால் வெளிநோக்கித் தள்ளப்படும் கலவை விளிம்பின் மடிப்புக்குள் சென்று படிந்து, பிறகு உலர்ந்து இறுகுகிறது. அது விளிம்பைச் சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால், ஊசி எந்த இடத்தில் விழுந்தாலும் தீ ஒரே வலிமையுடன் மூளும். ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தாலோ தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறும், சில சமயம் தோட்டா வெடிக்காமலே போகும். உள்ளேயுள்ள மருந்தின் எடை பொதுவாக ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. அவ்வளவு சொற்பமான மருந்தோடு ஒப்பிட்டால் தீமூட்டும் கலவையின் பங்கு அலட்சியப்படுத்தத்தக்கதல்ல. ஆதலால் அதன் சிறு ஏற்றத்தாழ்வும் குண்டின் வேகத்தில் பிரதிபலித்துவிடுகிறது.

பழைய காலத்தில் இக்கலவையில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் இடம்பெற்றிருந்தன. பாதரசம் பித்தளையை நொறுங்கச் செய்தது; குளோரேட்டு எரிந்தபின் எஞ்சிய உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலின் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைத்தது. சுட்ட அன்றே குழலைக் கழுவாதவர் சில நாட்களில் தம் துப்பாக்கியை இழந்தார். 1920களிலிருந்து ஈய ஸ்டிஃப்னேட்டை ஆதாரமாகக் கொண்ட புதிய கலவைகள் வழக்கத்துக்கு வந்தபின் அந்தத் தொல்லை நீங்கிற்று. ஆனால் ஈயம் என்ற வேறொரு கவலை அதோடு வந்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

வேகத்தின் ஏற்றத்தாழ்வு இலக்கில் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. போட்டித் தோட்டாவின் குண்டு குழலின் வாயை விட்டு வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 50 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் நூற்றில் பதினாறு பங்கு ஆகிறது. அந்த நேரத்துக்குள் பூமியின் ஈர்ப்பு அதை 12 அல்லது 13 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. எல்லாக் குண்டுகளும் ஒரே அளவு தாழ்ந்தால் பார்வைக் கருவியைத் திருத்திச் சமாளித்துவிடலாம். ஆனால் ஒரு குண்டு நூற்றுக்கு ஒரு பங்கு மெதுவாகப் புறப்பட்டால் அது இரண்டரை மில்லிமீட்டர் தாழ்வாக விழுகிறது. வினாடிக்குப் பத்து மீட்டர் குறைந்தால் தாழ்வு எட்டு மில்லிமீட்டரை நெருங்குகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்ப்பவர், விலை உயர்ந்த தோட்டாவுக்கும் மலிவான தோட்டாவுக்கும் உள்ள வேற்றுமை வேகத்தின் மிகுதியில் இல்லை, வேகத்தின் ஒருமையிலேயே இருக்கிறது என்பதை உடனே ஒப்புக்கொள்வார்.

வேகத்தைப் பற்றிச் சாதாரணமாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைவது அவசியம். கடைக்குச் செல்லும் புதியவர், பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து, மிக்க வேகமுள்ளதே மிக்க நேரானது என்று முடிவு செய்கிறார். வினாடிக்கு 380 மீட்டரில் பாயும் அதிவேகத் தோட்டாக்கள் உண்டு, 1970களில் சி.சி.ஐ. நிறுவனம் வெளியிட்ட ஸ்டிங்கர், குண்டின் எடையை 32 கிரெயினாகக் குறைத்து, 500 மீட்டரை எட்டியது. ஆனால் காற்றில் சப்தத்தின் வேகம், 20 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில், வினாடிக்கு 343 மீட்டர். அந்த எல்லைக்கு அருகில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று மிகுந்துவிடுகிறது. சப்தத்தைவிட வேகமாகப் புறப்பட்ட குண்டு பாதி வழியிலேயே அந்த எல்லையைக் கடந்து இறங்கும்போது, அதைச் சூழ்ந்த அதிர்ச்சி அலைகள் அதன் நிலையைக் குலைக்கவும் கூடும். போட்டித் தோட்டாவைச் செய்கிறவர்கள் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே வேகத்தை நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான்.

பக்கவாட்டில் வீசும் காற்றின் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகிறது. குண்டு காற்றில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது பக்கச் சாய்வை நிர்ணயிப்பதில்லை. காற்றின் எதிர்ப்பே இல்லாத வெற்றிடத்தில் அதே தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதே நிர்ணயிக்கிறது. பக்கக் காற்றின் வேகத்தை அந்தத் தாமதத்தால் பெருக்கினால் சாய்வு கிடைத்துவிடும். 325 மீட்டரில் புறப்பட்ட குண்டுக்கு 50 மீட்டரில் அந்தத் தாமதம் ஆயிரத்தில் ஏழு அல்லது எட்டு வினாடி. அதாவது முகத்தில் மெல்லப் படும் அளவில், வினாடிக்கு ஒரு மீட்டராக வீசும் காற்றுகூடக் குண்டை ஏழு எட்டு மில்லிமீட்டர் ஒதுக்கிவிடுகிறது. சப்தத்தின் எல்லையைத் தாண்டிப் புறப்படும் சாதாரண அதிவேகத் தோட்டாவோ, இலக்கை முன்னதாக அடைந்தாலும், எதிர்ப்பினால் இழக்கும் வேகம் மிகுதியாதலால், அதன் தாமதமும் சாய்வும் மெதுவான தோட்டாவுக்கு உள்ளதைவிட மிகுந்தே இருக்கின்றன. விரைந்து செல்வது காற்றால் மிகுதியாக ஒதுக்கப்படுகிறது என்ற இந்த முடிவு முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும். ஆனால் கணக்கும் களமும் இரண்டும் அதையே சொல்கின்றன.

அதற்காக வேகத் தோட்டாக்கள் பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. தானியங்கித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறிக்குக் குறிப்பிட்ட அளவு உதைப்பு வேண்டும்; மெதுவான தோட்டாக்கள் சில துப்பாக்கிகளில் அந்த உதைப்பைத் தருவதில்லை, கூடு பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது. தகரக் குவளைகளையும் இரும்புத் தட்டுகளையும் வைத்து ஓய்வு நாளில் சுட்டு மகிழ்பவருக்குத் தடங்கலின்றி ஓடும் தோட்டாவே நல்ல தோட்டா. பனிநாடுகளில் சறுக்குக் கட்டையோடு ஓடி வந்து 50 மீட்டரில் சுடும் பயத்லான் வீரர்கள், 1978 முதல் இந்தச் சிறு தோட்டாவையே பயன்படுத்திவரும் அவர்கள், கடுங்குளிரிலும் சீராகத் தீப்பற்றும் மருந்துள்ள பிரத்யேகத் தோட்டாக்களை நாடுகின்றனர். ஆகவே எந்தக் காரியத்துக்கு என்று கேட்காமல் எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை.

இனி, குழலின் விஷயம். இரண்டு துப்பாக்கிகள் ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே கருவியால் துளைக்கப்பட்டிருந்தாலும், அவற்றின் குழல்கள் ஒரே தோட்டாவை ஒரே விதமாக ஏற்பதில்லை. குழலின் உட்புற விட்டத்தில் மைக்ரான் அளவிலான வேறுபாடு, தோட்டா அறையின் முடிவில் வரிப்பள்ளங்கள் குண்டைப் பற்றும் இடத்தின் சாய்வு, விளிம்பின் தடிப்புக்கும் பூட்டின் முகத்துக்கும் இடையே எஞ்சும் இடைவெளி, சுடும்போது குழல் அதிரும் விதம் ஆகிய யாவும் கூடி ஒவ்வொரு குழலுக்கும் தனியொரு சுபாவத்தைத் தந்துவிடுகின்றன. அதுபோலவே தோட்டாவும் பெயரால் ஒன்றாயிருப்பினும் லாட்டுக்கு லாட் மாறுகிறது. ஒரே யந்திரத்தில், ஒரே தொகுதி மருந்து, கலவை, ஈயம், மெழுகு ஆகியவற்றைக் கொண்டு தொடர்ச்சியாகச் செய்த தோட்டாக்களுக்கே ஒரு லாட் எண் இடப்படுகிறது. சில உற்பத்தியாளர்கள் அந்த லாட்டின் சராசரி வேகத்தையும் பெட்டியில் அச்சிடுகின்றனர். ஆகையால் இன்ன கம்பெனியின் தோட்டா என் துப்பாக்கிக்கு உகந்தது என்று சொல்வது அரைகுறை வாக்கியம்; இன்ன லாட் உகந்தது என்று சொன்னால்தான் அது முழுமை பெறுகிறது. பர்மிங்ஹாம் நகரத்து எலி (Eley) என்னும் தோட்டாத் தொழிற்சாலையிலும், ஜெர்மனியின் ஷோனெபெக்கிலுள்ள லாபுவா நிறுவனத்தின் நிலையத்திலும், சுடுபவர் தம் துப்பாக்கியை எடுத்துச் சென்று, அதை அசையாத தாங்கியில் பூட்டி, பல லாட்களை ஒன்றன்பின் ஒன்றாக 50 மீட்டரில் பரிசோதித்து, தம் குழல் விரும்பியதைத் தெரிந்தெடுத்து வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. உலகப் போட்டியாளர்கள் அதற்காகக் கடல் கடந்து செல்வதில் வியப்பில்லை.

அவ்வளவு தூரம் போக முடியாதவரும் தம் ஊர்க் களத்திலேயே அதே பரிசோதனையைச் செய்யலாம். செய்யும் முறை மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்தக் குண்டின் வெளிப்புறத்தில் மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு உண்டு. முன்பு சுட்ட தோட்டாவின் பூச்சு குழலில் படிந்திருக்கும்போது வேறு பூச்சுள்ள தோட்டாவைச் சுட்டால், புதியது படியும்வரை குண்டுகள் ஒழுங்கின்றியே விழும். ஆதலால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முதல் பத்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்தது எண்ணிக்கை. ஐந்து குண்டுகளைச் சுட்டு, மிகத் தள்ளி விழுந்த இரண்டின் இடைவெளியை அளந்து, அதுவே இத்தோட்டாவின் தகுதி என்று தீர்ப்பளிப்பவர் பலர். ஆனால் தற்செயலின் பங்கு அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் மிகப் பெரிது. மாறாத ஒரே தோட்டா, மாறாத ஒரே குழல் என்றிருந்தும், ஐந்து குண்டுகளின் ஒரு சிதறல் மற்றொன்றைப்போல இருமடங்காக வருவது சகஜமே. பத்துக் குண்டுகளின் சிதறல் ஐந்தின் சிதறலைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாயிருக்கும். அதைக் கண்டு மனம் தளராமல், பத்துப் பத்தாகப் பலமுறை சுட்டுச் சராசரி எடுப்பவரே உண்மையை அறிகிறார். நற்பேற்றால் ஒருநாள் கிடைத்த மிகச் சிறிய சிதறலைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதையே தோட்டாவின் குணமாக நம்புவது இந்த விளையாட்டில் பெருவழக்காகிவிட்ட பிழை. காற்றில்லாத விடியற்காலமோ, கூரை வேய்ந்த களமோ கிடைத்தால் இந்தப் பரிசோதனைக்கு அவற்றையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

தெரிந்தெடுப்பது இவ்வாறென்றால், தேடிப் பெறுவது சில காலங்களில் அதைவிடக் கடினமாகிவிடுகிறது. அமெரிக்காவில், 500 தோட்டாக்கள் அடங்கிய அட்டைப் பெட்டியைச் செங்கல் என்று பெயரிட்டு அழைக்கும் அளவுக்கு மலிந்து கிடந்த இந்தப் பண்டம், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட கொடுஞ்செயலுக்குப் பிறகு, புதிய சட்டங்கள் வருமோ என்ற அச்சத்தால் மக்கள் முண்டியடித்து வாங்கியதில், கடைகளிலிருந்து மறைந்தே போயிற்று. மற்ற தோட்டாக்கள் திரும்பி வந்தபின்னும் இது மட்டும் சில ஆண்டுகள் வரை எளிதில் அகப்படவில்லை. ஒருவருக்கு இத்தனை பெட்டி என்று கடைக்காரர்கள் அளந்து விற்றனர், வாங்கி வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் உண்டு. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அதே நிலை திரும்பியது. இதற்குக் காரணம் வெறும் பதுக்கல் மட்டுமன்று. விளிம்புத் தோட்டாவைச் செய்யும் யந்திரங்கள் வேறு தோட்டாவைச் செய்ய உதவா, வேறு யந்திரங்கள் இதைச் செய்ய உதவா. ஒவ்வொன்றிலும் கிடைக்கும் லாபமோ மிகச் சொற்பம். நாளை தணிந்துவிடக்கூடிய ஒரு பரபரப்பை நம்பிப் பெரும் பொருளை முடக்கிப் புதிய தொழிற்சாலை எழுப்ப எந்த முதலாளியும் துணிவதில்லை. இருக்கும் யந்திரங்களே இரவு பகலாக ஓடின. அவை தந்ததோ கடையின் அடுக்கில் ஒரு பொழுதும் தங்கவில்லை. ஒரு பருவத்துக்கு வேண்டியதை வாங்கி வைப்பது முன்யோசனை; பத்து வருஷத்துக்கானதை அச்சத்தால் வாங்கிக் குவிப்பது, அன்று பயிற்சி தொடங்க வந்த சிறுவனின் கையிலிருந்து பறிப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

நம் நாட்டில் தட்டுப்பாட்டின் தன்மை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் உள்ளவரே தோட்டா வாங்கலாம். எத்தனை வாங்கலாம் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கர் முன்னின்று 1951இல் தோன்றிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் வழியாகவும், மாநிலச் சங்கங்களின் வழியாகவும் விளையாட்டு வீரர்களுக்கு உயர்தர வெளிநாட்டுத் தோட்டாக்கள் வந்து சேருகின்றன. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் அதிவேகப் பிஸ்டல் போட்டியில் வெள்ளி வென்ற விஜய் குமாரும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயும் சுட்டது இந்த விளிம்புத் தோட்டாவையே. கிடைக்கும் அளவு குறைவாக உள்ள இடத்தில், கிடைத்ததை வீணாக்காமல் பரிசோதித்து அறிவது இரட்டிப்பு அவசியமாகிறது.

வாங்கியதைப் பாதுகாப்பதும் இதில் சேர்ந்ததே. தோட்டாக்கள் ஈரமற்ற, குளிர்ந்த இடத்தில், பூட்டிய பெட்டியில், துப்பாக்கியிலிருந்து தனியாக வைக்கப்பட்டால் பல பதிற்றாண்டுகள் கெடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் விட்டுவிட்டால் மேற்பூச்சு உருகிப் பெட்டியில் ஒட்டும், தூசியையும் சேர்க்கும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவைப் பதற்றத்துடன் உடனே வெளியே எடுக்காமல், குழலை இலக்கின் பக்கமே நிறுத்தி அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். இது சிறு தோட்டா என்ற நினைவில் அசட்டை செய்வோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உயர்த்திச் சுட்டால் இதன் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் சென்று ஆளைக் கொல்லவும் கூடும். ஈயத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். குண்டிலிருந்தும் தீமூட்டும் கலவையிலிருந்தும் எழும் ஈயப்புகை, காற்றோட்டமில்லாத உள்ளரங்கில் நாளடைவில் இரத்தத்தில் சேர்கிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அது பெருங்கேடு. காற்று பின்னாலிருந்து இலக்கை நோக்கி ஓடும்படி அமைந்த களத்தையே நாட வேண்டும். சுட்டபின் கையைச் சோப்பால் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. களத்தில் உடுத்திய சட்டையோடு வீட்டுக் குழந்தையைத் தூக்கக் கூடாது.

ஆக, தேடுகிறவர் செய்யத்தக்கது இது. நம்பத்தகுந்த நான்கைந்து வகைகளில், ஒவ்வொன்றிலும் லாட் எண் தெரிந்த ஓரிரு பெட்டிகளை முதலில் பெற வேண்டும். மேலே சொன்ன முறையில் சுட்டு, குறித்து, சராசரி எடுக்க வேண்டும். தம் குழல் ஏற்றுக்கொண்ட லாட் எது என்று தெரிந்த நாளிலேயே, அந்த லாட் விற்றுத் தீருவதற்குள், உரிமமும் கைப்பொருளும் இடம் தரும் அளவுக்கு அதிலேயே வாங்கிவிட வேண்டும். பயிற்சிக்கு அதே தொழிற்சாலையின் அதே மெழுகுப் பூச்சுள்ள மலிவான தோட்டாவைச் சுட்டால் குழலின் பக்குவம் கெடாது. நல்ல லாட்டின் கடைசிப் பெட்டிகள் இரண்டை மட்டும் போட்டிக்கும் எடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். அடுத்த லாட்டைத் தேடும் நாள் வரும்போது, புதியதைப் பழையதோடு ஒரே நாளில், ஒரே காற்றில் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டியிருக்கும்.